கண்ணுள் வினைஞர்

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன்கூடத்தில் பழைய ஒளிப்படம் ஒன்று சட்டமிட்டு மாட்டப்பெற்றிருக்கும். முழங்கால்மேல் கைவைத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் பாட்டனார். அவர் தோளருகே நின்றிருக்கும் பாட்டியார். பின்னால் ஒரு மாளிகையின் தூண், படிக்கட்டு, அவற்றிற்கும் அப்பால் ஓர் ஏரி. பாட்டனார் வாழ்ந்ததோ நாட்டு ஓடு வேய்ந்த சிறு வீடு. தூணும் படியும் ஏரியும் துணியிலே தீட்டப்பெற்றவை. பாட்டனாரின் பெயரை நாம் அறிவோம். அந்த ஏரியைத் தீட்டியவர் யார்? கருவியின் பின்னே கறுப்புத் துணிக்குள் தலைகுனிந்து நின்றவர் யார்? இவ்வினாவை நம் வீட்டுப் படத்தின் முன் நின்று நாம் கேட்டதுண்டா?

ஓவியரை மதுரைக்காஞ்சி ‘கண்ணுள் வினைஞர்’ என்று சுட்டுகிறது. காண்பார் கண்ணுள்ளே தம் வினையை நிறுத்துபவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். வினைஞர் என்னும் சொல்லை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். அச்சொல்லில் தொழிலும் கலையும் பிரியாமல் நிற்கின்றன. கலைஞர் வேறு, தொழிலாளர் வேறு என்று பிரித்தது பிற்காலம். ஒளிப்படத்தின் வரலாற்றிலோ அப்பிரிவு மிகவும் கூர்மையாக விழுந்தது. கடையில் அமர்ந்து கூலிக்குப் படம் எடுத்தவர் தொழிலாளர் ஆனார். கண்காட்சிச் சுவரில் படத்தை மாட்டியவர் கலைஞர் ஆனார். குடும்பத் தொழிலிலிருந்து புதுமைக் கலைக்குச் சென்ற சிலரது வழியைப் பின்தொடர்ந்து, அப்பிரிவு எவ்வளவு மெய்யானது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வழியின் தொடக்கமும், நம் காலத்து முடிவும் இந்தப் பெங்களூர் நகரிலேயே அமைந்திருப்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

தண்டில் இறங்கிய பெட்டி

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயரின் படைவீடு அமைந்தது. அதைத் ‘தண்டு’ என்று மக்கள் வழங்கினர். படையோடு சிப்பாய்களும், வணிகரும், கொத்தரும், தச்சரும், தையற்காரரும் தமிழகத்திலிருந்து வந்து குடியேறினர். நம்மில் பலருடைய முன்னோர் வந்த வழி அதுவே.

அதே தண்டில் சென்னைப் படைப்பிரிவின் அதிகாரியாக இருந்தவர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822இல் பிறந்தவர். விடுமுறையில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைப் பயின்று, 1854இல் பெங்களூருக்குத் திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் முதலிய இடங்களுக்குச் சென்று ஹொய்சளர் கோயில்களைப் படம் எடுத்தார். 1855இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. அதே ஆண்டு, பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவோடு அனுப்பப்பெற்றார். அங்கு எடுத்த படங்களுள் 120ஐத் தெரிந்தெடுத்து, ஐம்பது தொகுதிகளாக அச்சிடும் பணி பெங்களூரிலேயே நடைபெற்றது. கணக்கிட்டால் ஆறாயிரம் படிகள்! ஒவ்வொன்றும் வெயிலில் வைத்து, நீரில் அலசி, உலர்த்தி, அட்டையில் ஒட்டப்பெற வேண்டியது. இஃது ஒருவர் கைவேலையாக இருந்திருக்க இயலுமோ? நீர் சுமந்த கையும், தாள் உலர்த்திய கையும் இந்த மண்ணில் உழைத்த கைகளே எனலாம்.

டிரைப் கையாண்டது மெழுகு ஊட்டிய தாள் நெகட்டிவ். அக்காலத்து இரசாயனப் பூச்சு நீல ஒளியை மிகுதியாக ஏற்கும். ஏனைய நிறங்களை ஏற்காது. ஆதலின் வானம் வெறும் வெள்ளையாகவும், மரங்கள் கருந்திட்டாகவும் விழுந்தன. இக்குறையைப் போக்க அவர் ஒரு வழி கண்டார். நெகட்டிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் பூசி முகில்களைத் தீட்டினார்; இலைகளுக்கு ஒளி ஏற்றினார். மதுரையையும் தஞ்சையையும் காட்டும் அவருடைய படங்களில் கோபுரத்தின்மேல் மிதக்கும் சில முகில்கள் அன்றைய வானத்தில் இருந்தவை அல்ல, தூரிகையிலிருந்து எழுந்தவை. உள்ளதை உள்ளவாறு காட்டும் கருவி என்று உலகம் வியந்த அந்தப் பெட்டிக்குள், பிறந்த சில ஆண்டுகளிலேயே கற்பனை குடிபுகுந்துவிட்டது.

1856இல் சென்னை மாநில அரசின் ஒளிப்படக்காரராக டிரைப் அமர்த்தப்பெற்றார். அடுத்த ஆண்டு தம் பணியிடத்தைச் சென்னைக்கு மாற்றினார். 1857 டிசம்பரில் தொடங்கிய பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களைச் சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை விடாது தொடர்ந்து எடுத்து, 21 படிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஹூல்ட்ஸ் என்னும் அறிஞர் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது 1890இல். அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே இராசராசனின் எழுத்துகள் ஒளியால் படியெடுக்கப்பெற்றன என்பதை எண்ணும்போது நெஞ்சம் விம்முகிறது. அரசுக்கு அது ஆவணம். ஆனால் படம் என்றால் ஒரு சட்டத்துள் அடங்கும் காட்சி என்ற வரம்பை உடைத்து, நடந்துகொண்டே பார்க்கும் பார்வையைத் தாளில் ஏற்றிய அச்செயலைச் சோதனைக் கலை என்று அழைப்பதில் தவறு என்ன?

அப்பணி நெடுநாள் நிலைக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், நாட்டின் நிதிநிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி அதை நிறுத்தினார். 1860இல் டிரைப்பின் நிலையம் மூடப்பெற்றது. அதன்பின் அவர் படம் எடுத்தது மிகச் சிலவே. ஆயினும் அவரிடம் பயின்ற கை ஒன்று ஓய்ந்துவிடவில்லை. அவருக்கு உதவியாளராக இருந்த சி. ஐயாசாமி, சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஒளிப்படப் பணியைத் தொடர்ந்தார். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. டிரைப்பைப் பற்றிப் பெருநூல்கள் வெளிவந்துள்ளன. ஐயாசாமியின் பெயரோ அவற்றின் பக்கங்களில் ஓரிரு இடங்களில் தலைகாட்டி மறைகிறது. அதிகாரி எடுத்தால் கலை. அவரிடம் பயின்ற தமிழர் எடுத்தால் பணி. பிரிவு இங்கேயே தொடங்கிவிட்டது.

கடையாய் நிலைத்த கலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஒளிப்படம் ஊர்தோறும் தொழிலாயிற்று. கண்ணாடித் தகடு வந்தபின் விலை இறங்கியது. பெங்களூரில் 1910இல் தொடங்கிய ஜி. கே. வேல் நிறுவனத்தின் பெயரை அறியாத பழைய குடும்பம் இந்நகரில் இல்லை எனலாம். மதுரை, கும்பகோணம், காரைக்குடி, கோவில்பட்டி என்று தமிழகத்தின் ஒவ்வோர் ஊரிலும் நிலையங்கள் எழுந்தன. தந்தை எடுப்பார், மகன் கழுவுவான், பெண்கள் வீட்டின் பின்கட்டில் வண்ணம் ஏற்றுவதும் உண்டு. இவ்வாறு பல குடும்பங்களில் அது வழிவழித் தொழிலாகவே ஊன்றியது.

அத்தொழிலின் நுட்பங்களை இன்று நினைத்தாலும் வியப்பு மேலிடுகிறது. கண்ணாடி நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, கீழிருந்து ஒளி ஏறும்படி செய்து, ஊசிபோல் கூரிய பென்சிலால் முகத்தின் தழும்புகளைப் புள்ளி புள்ளியாக நிரப்புவர். மிகுந்து நிற்கும் இடத்தைச் சிறு கத்தியால் சுரண்டுவர். ‘டச்சிங்’ என்று நிலையத்தார் வழங்கிய வேலை இதுவே. வெவ்வேறு காலத்தில் எடுத்த இருவர் முகங்களை வெட்டி இணைத்து, உடன் நின்றாற்போல் காட்டுவர். கணவர் இறந்தபின் எடுத்த படத்திலே கணவரைக் கொணர்ந்து மனைவியின் அருகில் அமர்த்துவர். செட்டிநாட்டு வீடுகளில் காணப்பெறும் சில படங்களில் முகம் மட்டுமே ஒளிப்படம். பட்டும் நகையும் நாற்காலியும் தஞ்சை ஓவிய மரபில் தீட்டப்பெற்றவை.

ஓவியக் குடும்பங்கள் ஒளிப்படத்துக்கு வந்ததற்குக் கோவில்பட்டி நல்ல சான்று. சி. கொண்டையராஜு (1898 - 1976) சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் சிலகாலம் தங்கியவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர். நாடகக் குழு கலைந்தபின் கோவில்பட்டியில் தங்கி, தம் மாணவர் டி. எஸ். சுப்பையாவோடு தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்தினார். சிவகாசி அச்சகங்களில் அச்சாகி நம் பூசையறைகளுக்கு வந்த நாட்காட்டித் தெய்வங்கள் பலவும் அவரும் அவர் மாணவர்களும் வரைந்தவையே. நாடகத் திரைக்கும், நிலையத்தின் பின்திரைக்கும், நாட்காட்டிக்கும் ஒரே தூரிகை உழைத்த காலம் அது.

இனி ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ளல் வேண்டும். இத்துணைத் திறன் இருந்தும் நிலையத்தார் தம்மைச் சோதனைக் கலைஞர் என்று எண்ணவில்லை, எண்ணவும் இயலவில்லை. கண்ணாடித் தகட்டுக்கு விலை உண்டு. வாடிக்கையாளர் கூலி கொடுத்து வந்தவர். அவர் முகம் அவர் விரும்பியவாறு வரவேண்டும். ஒரு தகடு பிழைபட்டால் நட்டம் நிலையத்துக்கே. பிழை செய்யும் உரிமை இல்லாத இடத்தில் சோதனை எங்ஙனம் வளரும்? பிழையைப் பொறுக்கும் ஓய்வும் பொருளும் வாய்த்தவர்க்கே அவ்வழி முதலில் திறந்தது.

தையற்காரர் மகனும் வழக்கறிஞர் மகனும்

அமெரிக்காவில் 1890இல் பிறந்த மேன் ரே, உருசியாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தினர். தந்தை தையற்காரர்; தாயும் தையல் வல்லவர். குடும்பத்தின் பெயர் ராட்னிட்ஸ்கி. தையலே குடும்பத் தொழில். மகன் அத்தொழிலை விட்டு விலகினார். குடும்பப் பெயரையும் சுருக்கிக்கொண்டார். ஆனால் தொழில் அவரை விடவில்லை. 1911இல் அவர் செய்த ஒரு படைப்பு, தையற்கடையின் மாதிரித் துணித் துண்டுகளை ஒட்டித் தைத்தது. 1921இல் பாரிசில் செய்த புகழ்பெற்ற படைப்பு, அடிப்பாகத்தில் ஆணிகளை வரிசையாகப் பதித்த இஸ்திரிப்பெட்டி. துணியை மென்மையாக்கும் கருவி துணியைக் கிழிக்கும் கருவியாயிற்று! வீட்டில் நாள்தோறும் கண்ட பொருளே புதுக்கலையின் பொருளாக வந்து நின்றது. கருவியே இல்லாமல், தாளின்மேல் பொருள்களை வைத்து ஒளி பாய்ச்சி அவர் ஆக்கிய படங்கள் 1922 முதல் வெளிவந்தன. வயிற்றுப்பாட்டுக்கோ அவர் பாரிசில் முகப்படங்களும் ஆடை விளம்பரப் படங்களும் எடுத்தார். தொழிலும் கலையும் ஓர் இருட்டறையைப் பகிர்ந்துகொண்டன.

நமக்கு அண்மையில், கொழும்பு நகரில், மற்றொருவர். 1900 டிசம்பரில் பிறந்த லயனல் வென்ட். தந்தை ஹென்றி லொரென்ஸ் வென்ட் இலங்கை உச்ச நீதிமன்ற நீதிபதி. ஓய்வு நேரத்தில் ஒளிப்படத்திலும் ஆர்வம் உடையவர். குடும்பத் தொழில் சட்டம். மகனும் 1919இல் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்றார். அதே வேளையில் இசைக் கழகத்தில் பியானோவும் பயின்றார். 1924இல் ஊர் திரும்பியபின் வழக்காடுவது விரைவில் நின்றது. இசை முதலில் வந்தது. 1930களில் ஒளிப்படம் அவரை முழுமையாக ஆட்கொண்டது.

வென்ட் எடுத்த படங்களில் மீனவர் உண்டு, கள்ளிறக்குவோர் உண்டு, சிதைந்த தாகபைகள் உண்டு. அவற்றோடு, அக்காலத் தென்னாசியாவில் பிறர் எண்ணியும் பார்க்காத சோதனைகளும் உண்டு. படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இணைத்தார். இருட்டறையில் படம் கரைசலில் எழுந்துவரும் வேளையில் ஒரு நொடி ஒளியைப் பாய்ச்சினார். அப்போது வெண்மை கருமையாகத் திரும்பி, உருவத்தின் விளிம்பில் மையிட்டாற்போல் ஒரு கோடு பிறக்கும். நிலையத்தில் வேலை பயிலும் சிறுவன் அறியாமல் கதவைத் திறந்துவிட்டால் நிகழும் பிழை இதுவே. அங்கே அச்சிறுவனுக்குத் தலையில் குட்டு விழும். வென்டின் கையிலோ அப்பிழை முறையாயிற்று. விதியை அறியாதவன் செய்வது பிழை. விதியை அறிந்தவன் வேண்டுமென்றே செய்வது சோதனை. இரண்டுக்கும் இடைப்பட்ட வேலி மெல்லியது, ஆயினும் உறுதியானது.

1934இல் பேசில் ரைட் என்னும் ஆங்கிலேயர் இயக்கிய ‘இலங்கையின் பாடல்’ என்ற ஆவணப் படத்துக்குக் குரல் கொடுத்தவரும் வென்ட்டே. 1938இல் இலண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடந்தது. 1943இல் ஜார்ஜ் கீட், ஜஸ்டின் தரணியகலை முதலிய ஓவியர்கள் கூடி அமைத்த ‘43 குழு’வின் பிறப்பிடம் அவருடைய இல்லமே. மறு ஆண்டு டிசம்பரில், 44 வயதில், அவர் மறைந்தார். நெகட்டிவ்கள் அழிந்துபோயின, எஞ்சியவை அவர் கையால் அச்சிட்ட படிகள். 1950இல் வெளியான நூல் ஒன்றும், 1953இல் கொழும்பில் எழுந்த கலையரங்கும் அவர் பெயரைக் காத்து வருகின்றன.

வென்ட் தம் குடும்பத் தொழிலைக் கைவிட்டதற்கு இரங்குவார் இன்று எவரும் இலர். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சட்டத்தொழில் ஈட்டிய குடும்பச் செல்வமே அவருக்குப் பிழை செய்யும் உரிமையைத் தந்தது. கைவிடப்பெற்ற தொழிலே கலைக்குச் சோறிட்டது.

மீண்டும் பெங்களூர்

இந்தியா விடுதலை பெற்றபின் ஒளிப்பட ஆர்வலர்களுக்குப் பெங்களூர் ஒரு தலைநகரம்போல் விளங்கிற்று. 1953இல் இந்திய ஒளிப்படக் கூட்டமைப்பு உருவாக முன்னின்றவர், இந்நகரில் வாழ்ந்த மருத்துவர் ஜி. தாமஸ். இந்தியாவில் ஒளிப்படத்தின் வரலாற்றை நூலாக எழுதியவரும் அவரே. 1971இல் இளைஞர் ஒளிப்படக் கழகம் இங்கே தோன்றியது. காட்டுயிர்ப் படங்களால் உலகப் புகழ் பெற்ற டி. என். ஏ. பெருமாள் (1932 - 2017) இந்நகரில் வாழ்ந்த தமிழர். பெயரின் முதலெழுத்திலேயே தஞ்சாவூரைச் சுமந்தவர். ஓ. சி. எட்வர்ட்ஸ் என்னும் ஆசிரியரிடம் பயின்று, பிறகு தாமே பலருக்கு ஆசிரியராக விளங்கினார். வேறு பணி பார்த்துக்கொண்டே விடுமுறை நாள்களில் கருவியைத் தூக்கியவர்கள் இக்கழகங்களில் மிகுதி. நிலையத்தார் எடுத்தது கூலிக்கு. கழகத்தார் எடுத்தது அழகுக்கு. இரு சாராரும் ஒரே தெருவில் வாழ்ந்தும் ஒருவர் வேலையை மற்றவர் கலந்துகொண்டது குறைவே.

அவ்விடைவெளியைக் கடந்தவர்களுள் முதன்மையானவர் புஷ்பமாலா. 1956இல் பெங்களூரில் பிறந்தவர். பரோடாவில் சிற்பம் பயின்றவர். களிமண்ணில் உருவம் சமைத்த அவர், 1990களின் நடுவில் தம் உடலையே உருவமாக்கி ஒளிப்படத்துக்கு வந்தார். வேடம் புனைந்து கருவியின்முன் நிற்பவர் அவர். கருவியை இயக்குபவர் மற்றொருவர். அவருடைய வழி நாம் இதுவரை கண்டவற்றுக்கு நேர்மாறானது. பிறர் தொழிலிலிருந்து கலைக்குச் சென்றனர். இவர் கலையிலிருந்து தொழிலின் வாயிலுக்கு வந்தார்.

பம்பாயில் தாதர் பகுதியில் ஜே. எச். தக்கர் என்னும் முதியவர் இந்தியா போட்டோ ஸ்டுடியோ என்ற நிலையத்தை நடத்தி வந்தார். நாடு பிரிந்தபோது கராச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, 1948இல் கடை திறந்தவர். இந்தித் திரையுலகின் நட்சத்திரங்கள் பலர் அவருடைய விளக்குகளின்முன் அமர்ந்தவர்கள். காலம் மாறிற்று, வண்ணப் படம் வந்தது, விளக்குகளில் தூசு படிந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் புஷ்பமாலா அந்நிலையத்தின் படியேறினார். ஒன்பான் சுவைகளையும் தம் முகத்தில் ஏற்றி, பழைய முறையிலேயே, பழைய விளக்குகளிலேயே கறுப்பு வெள்ளையில் எடுக்குமாறு வேண்டினார். ‘நவரச’ வரிசை பிறந்தது. புகலிடம் தேடி வந்த ஒருவர் ஐம்பதாண்டு பழகிய கைத்திறன், சிற்பம் பயின்ற ஒரு பெண்ணின் கற்பனையோடு சேர்ந்தபோது, அது புதுமைக் கலை எனக் கண்காட்சிகளில் ஏறியது. தக்கர் புதிதாக எதையும் கற்கவில்லை. அவர் என்றும் செய்ததையே செய்தார். பார்க்கும் கண் மாறியது.

பின்னர்ப் பெங்களூரில் வாழும் ஒளிப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு இணைந்து, 2000 முதல் 2004 வரை ‘தென்னிந்தியப் பெண்கள்: பழக்கமும் வழக்கமும்’ என்ற பொருள்படும் தொடரை அவர் உருவாக்கினார். தலைப்பைக் கேட்டவுடன் எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல் நினைவுக்கு வரும். மனிதரைக் கட்டமிட்ட பலகையின்முன் நிறுத்தி, உறுப்புகளை அளந்து படம் எடுத்த காலத்தை அத்தலைப்பு எள்ளுகிறது. இத்தொடரில் இரவிவர்மாவின் இலக்குமியாக அவர் நின்றார். வேளாங்கண்ணி மாதாவாக நின்றார். 1970களின் தமிழ்த் திரைப்பட நாயகியாகச் சாட்டையோடு நின்றார். ஆய்வாளன் அளக்கும் பழங்குடிப் பெண்ணாகவும் நின்றார். பின்திரைகள் தீட்டப்பெற்றன, அணிகள் செய்யப்பெற்றன, நம் பாட்டனார் படத்தின் பின்னே நின்ற அதே பொய் ஏரியும் பொய்த் தூணும் மீண்டும் எழுந்தன. ஆனால் இம்முறை அவை பொய் என்று கண்டுகொள்ளும்படி நின்றன. தென்னாட்டுப் பெண்ணின் உருவம் எத்தனை கைகளால் ஆக்கப்பெற்றது என்பதை நிலையத்தின் கருவிகளைக் கொண்டே அவர் காட்டினார்.

இங்கே நம் வினாவுக்கு விடை கிடைக்கிறது. முகிலைத் தீட்டிய டிரைப், முகத்தை ஒட்டிய செட்டிநாட்டு வினைஞர், பிழையை முறையாக்கிய வென்ட், வேடத்தை வெளிப்படுத்திய புஷ்பமாலா ஆகிய அனைவரும் செய்தது அடிப்படையில் ஒன்றே. கருவி தருவதை அப்படியே ஏற்காமல், அதன்மேல் கைவைத்தனர். ஒருவர் குறையை மறைக்கக் கைவைத்தார். மற்றொருவர் வினா எழுப்பக் கைவைத்தார். நோக்கம் வேறு, கை ஒன்று. சோதனைக் கலையின் வேர் ஊர்க்கடையின் இருட்டறைக்குள்ளும் ஓடுகிறது என்பது எம் துணிபு.

நாம் பட்ட கடன்

குடிபெயர்ந்து வாழும் நமக்கு இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் உண்டு.

ஒன்று, பிள்ளைகளைப் பற்றியது. தந்தை தொழிலை மகன் விட்டுவிட்டான் என்ற ஏக்கம் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல். அச்சகம் நடத்தியவர் மகள் ஓவியம் கற்க விரும்பினால், அதனால் வயிறு நிறையுமா என்று கேட்கிறோம். கேட்பதில் அன்பு இருக்கிறது. ஊர்விட்டு ஊர் வந்து காலூன்றியவர்களின் அச்சமும் இருக்கிறது. அவ்வச்சத்தை இகழ்வதற்கில்லை. ஆனால் மேன் ரேயின் இஸ்திரிப்பெட்டியை நினைவிற் கொள்வோம். தொழிலை விட்டு நீங்கியவர் கையிலும் தொழில் வாழ்கிறது. பெற்றோர் அளிக்கக் கூடிய மிகப் பெரிய செல்வம், பிள்ளை சிலகாலம் பிழை செய்து பார்க்க இடங்கொடுக்கும் பொறுமையே.

மற்றொன்று, பெயர்களைப் பற்றியது. தமிழகத்து நிலையங்கள் பலவற்றின் கண்ணாடி நெகட்டிவ்கள் கழுவப்பெற்று வெறுங் கண்ணாடியாக விலைபோயின; ஈரத்தில் பூஞ்சணம் பூத்து அழிந்தவையும் உண்டு. பல தலைமுறை உழைப்பு அவ்வாறு மறைந்தது. எஞ்சியவற்றைக் காக்கும் முயற்சியும் நடந்துள்ளது. 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுக் காலத் தமிழ் நிலையப் படங்களைத் தேடித் தொகுத்து மின்பதிவு செய்யும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த அறிஞர்கள், பிரித்தானிய நூலகத்தின் துணையோடு மேற்கொண்டனர். பெங்களூர்க் கஸ்தூரிபாய் சாலையில் 2023 பிப்ரவரியில் ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்குமென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. பிள்ளைகளை அங்கு ஒருமுறை அழைத்துச் செல்லுதல் நலம்.

அதற்கு முன் நம் வீட்டிலேயே செய்யத்தக்கது ஒன்று உண்டு. பழைய படத்தைச் சட்டத்திலிருந்து மெல்ல எடுத்து, பின்புறம் திருப்பிப் பாருங்கள். அட்டையின் அடியில் நிலையத்தின் பெயர் பொறித்திருக்கலாம். ஊர், ஆண்டு, அமர்ந்திருப்போர் பெயர், எடுத்த நிலையம் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டு, மென்மையான பென்சிலால் பின்புறத்தில் எழுதுங்கள்; பேனா வேண்டா, மை ஊறி முகத்தைக் கெடுக்கும். பசையுள்ள ஏடுகளில் ஒட்டாதீர்கள். ஈரச் சுவரில் மாட்டாதீர்கள். கேட்பதற்கு மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

பாட்டனாரின் பின்னே அலையடிக்கும் அந்தத் துணி ஏரியை இனிக் காணும்போது, அதன் கரையில் மற்றொருவரும் நிற்பதாக எண்ணிக்கொள்வோம். விரலில் இரசாயனக் கறையும், காதில் செருகிய பென்சிலுமாக, விளக்கின் ஒளியைச் சரிசெய்துவிட்டு, அசையாமல் இருங்கள் என்று சொன்ன அந்த வினைஞரை.